நீர் காத்த பொறியாளர்கள் – 9: ஹைதராபாத் கொண்டாடும் இரு பிறந்த நாட்கள்

பொறியியல் கல்லூரிகளில் பயின்று வெளியேறியவர்களைச் சமூகம் பட்டத்தாலும் பதக்கத்தாலும் பல வகைகளில் சிறப்பிக்கிறது எனினும், ஒருவருடைய பிறந்த நாளையே அத்தொழிலுக்குரிய நாளாக அறிவிப்பதை அரிய சிறப்பு என்றே கொள்ள வேண்டும். அத்தகைய இரண்டு நாட்கள் ஹைதராபாத்தில் கொண்டாடப்படுகின்றன. மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா பிறந்த செப்டம்பர் 15ஐ நாடு முழுவதும் பொறியாளர் தினமாகக் கொண்டாடுவதோடு, நவாப் அலி நவாஸ் ஜங் பிறந்த ஜூலை 11ஐயும் தெலங்கானா அரசு, மாநிலம் உருவான 2014ஆம் ஆண்டிலேயே, தன் பொறியாளர் தினமாக அறிவித்தது.

இவ்விருவரில் விசுவேசுவரய்யாவின் பெயர் நகரத்தின் நினைவில் நிலைத்ததற்கான காரணத்தை 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தில் தேட வேண்டும். அவ்வெள்ளத்தில் மாண்டவர்கள் பல்லாயிரவர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தில் ஏறித் தப்பியவர்களின் நினைவு இன்றும் அந்நகர மக்களிடையே பேசப்படுகிறது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசு இதன்பின் விசுவேசுவரய்யாவை அழைத்தது. புனே அறிவியல் கல்லூரியில் பயின்று, அக்காலத்துப் பொறியியல் பட்டத்துக்கு நிகரான எல்.சி.ஈ. தேர்வில் 1883இல் முதலிடம் பெற்றவர் அவர். பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையிலிருந்து விலகி வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த நேரத்தில் அவ்வழைப்பு அவரை எட்டியது. 1909இல் ஹைதராபாத் வந்து பொறுப்பேற்றார்.

அவருடைய ஆய்வின் சிறப்பு, வெள்ளத்தின் காரணத்தை நகரத்துக்கு வெளியே, ஆற்றின் மேற்பகுதியில் தேடியதில் இருக்கிறது. மூசியின் நீர்பிடிப்புப் பகுதியில், அதாவது பெய்யும் மழை வழிந்து ஆற்றில் சேரும் நிலப்பரப்பில், 788 ஏரிகள் இருந்தன என்றும், அவற்றுள் 221 ஏரிகள் அம்மழையில் கரை உடைந்தன என்றும் அவர் கணக்கிட்டார். மேலேயுள்ள ஏரி உடைந்து வரும் நீர் கீழேயுள்ள ஏரியை உடைக்க, அவ்விரண்டின் நீரும் சேர்ந்து அடுத்ததை உடைக்க, பெய்த மழையைவிடப் பன்மடங்கு விசையுடன் வெள்ளம் நகருக்குள் புகுந்தது. நகரத்தின் கரைகளை உயர்த்துவதை மட்டும் நம்பியிராமல், மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் நகருக்கு மேலே இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டி, ஆறு தாங்கக்கூடிய அளவு நீரை மட்டும் கீழே விட்டு, மிகுதியைத் தேக்கிவைத்துப் பிறகு மெல்ல வடிக்கலாம் என்று அவர் பரிந்துரைத்தது இதனால்தான். நகரத்துக்கான கழிவுநீர் வடிகால் திட்டத்தையும் அவரே வகுத்தார்.

கண்டிப்பேட்டையில் உஸ்மான் சாகர் 1920இலும், ஈசியின் மீது ஹிமாயத் சாகர் 1927இலும் நிறைவுற்றன. இரண்டும் வெள்ளத்தைத் தடுப்பதோடு குடிநீரும் தர வேண்டியவை என்பதால் அவற்றை இயக்குவது எளிதன்று. குடிநீருக்காக நீர்த்தேக்கம் நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்தை ஏற்பதற்காகவோ அதில் வெற்றிடம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மதகுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவில்தான் இவ்விரு தேவைகளும் இணங்கிப்போக முடியும்.

மீர் அகமது அலி என்ற இயற்பெயருடைய அலி நவாஸ் ஜங், ஹைதராபாத்திலேயே 1877இல் பிறந்து, அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் பயின்றார். இந்தியப் பொதுப்பணித்துறைக்கு அதிகாரிகளை உருவாக்குவதற்கென்றே 1872இல் தொடங்கி 1906இல் மூடப்பட்ட அக்கல்லூரியில் இந்தியர்களுக்குக் கிடைத்த இடங்கள் மிகச் சிலவே. நாடு திரும்பி, படிப்படியாக உயர்ந்து தலைமைப் பொறியாளரான அவருடைய பெரும்பணி, கோதாவரியின் துணையாறான மஞ்சீராவின் குறுக்கே 1923 முதல் 1931 வரை கட்டப்பட்ட நிஜாம் சாகர் ஆகும். ஏறத்தாழ 2.75 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டுக்கென வகுக்கப்பட்ட அவ்வணையின் நீரால் கரும்பு விளைந்ததனால்தான் போதனில் சர்க்கரை ஆலை எழுந்தது. காங்கிரஸ் 1938இல் நேருவின் தலைமையில் அமைத்த தேசியத் திட்டக் குழுவில், ஆறுகளையும் பாசனத்தையும் பற்றிய துணைக்குழுவுக்கு அவர் தலைமை வகித்தார் என்பது, சமஸ்தான எல்லைக்கு வெளியிலும் அவருடைய அறிவு மதிக்கப்பட்டதற்குச் சான்று. விசுவேசுவரய்யாவுக்கு 1955இல் பாரத ரத்னா கிடைத்தது. அலி நவாஸ் ஜங்கோ 1949இல் மறைந்தபின் நெடுங்காலம் பொதுநினைவிலிருந்து அகன்றிருந்தார். தெலங்கானாவின் 2014ஆம் ஆண்டு அறிவிப்பு நீண்ட நாள் கடன் ஒன்றைத் தீர்த்ததாகவே கருத வேண்டும்.

ஆயினும் நீர்த்தேக்கத்தைக் கட்டியவருக்குச் செய்யும் சிறப்பு அதன் நீர்பிடிப்புப் பகுதியைக் காப்பதையும் உட்கொண்டது. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகியவற்றைச் சுற்றியுள்ள 84 கிராமங்களில் பெருங்கட்டடங்களையும் மாசு தரும் ஆலைகளையும் கட்டுப்படுத்த 1996இல் பிறப்பிக்கப்பட்ட 111ஆம் எண் அரசாணையின் கட்டுப்பாடுகளை, அந்நகர் இன்று கிருஷ்ணா, கோதாவரி நீரையே பெரிதும் நம்பியிருக்கிறது என்ற காரணம் காட்டி, மாநில அரசு 2022இல் விலக்கியது. குடிநீர்த் தேவையை மட்டும் எண்ணும் இவ்வாதம், அணைகள் முதலில் வெள்ளத்துக்காகக் கருதப்பட்டவை என்பதை மறந்துவிடுகிறது. மண் மூடிய நிலத்தில் ஊறும் மழை, சிமெண்ட் மூடிய நிலத்தில் ஊறாமல் ஒரே நேரத்தில் வழிந்தோடும். கட்டுப்பாடுகள் விலக்கப்படுவதற்கு ஈராண்டுகளுக்கு முன், 2020 அக்டோபர் மழையில், பாலாப்பூர் அருகே குர்ரம் செருவு என்ற ஏரியின் கரை உடைந்து நீர் பழைய நகரின் குடியிருப்புகளுக்குள் புகுந்திருந்தது. விசுவேசுவரய்யா ஏரி ஏரியாகக் கணக்கிட்ட அதே வகை உடைப்பு அது.

ஹைதராபாத் இன்று குடிக்கும் கிருஷ்ணா நீருக்கு நாகார்ஜுன சாகர் அணையே ஆதாரம். அவ்வணையோடு பிரிக்க முடியாதபடி இணைந்த பெயர், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்று, பின்னாளில் மத்திய நீர்ப்பாசன, மின்துறை அமைச்சரான கே. எல். ராவ். அடுத்த பகுதி அவரைப் பற்றியது.