மணமகளை வரவேற்கும் குரல்கள் – ஓர் ஒப்பாய்வு

தோற்றுவாய்

பெண்கள் பலர் ஒருங்கு கூடிப் பாடுவது தமிழ் மண்ணின் தொன்மையான இசைமரபாகும். நடவு வயலில் குலவை, முற்றத்தில் கும்மி, மணவீட்டில் நலங்கு, இழவு வீட்டில் ஒப்பாரி என வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் பெண்களின் கூட்டுக் குரல் ஒலித்து வந்துள்ளது. கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களின் திருமணங்களில் மணப்பெண்ணை நடுவில் அமர்த்தித் தோழியர் கைகொட்டிப் பாடியாடும் ஒப்பனாவும் இவ்வினத்தைச் சார்ந்ததே. இருபதாம் நூற்றாண்டில் இம்மரபைத் திரையிசை தன்வயப்படுத்திக் கொண்டது. அவ்வாறு பிறந்த பழைய மணப்பாடல் ஒன்றையும், முப்பது ஆண்டுகட்குப் பின் அதன் வழிநின்று பிறந்த புதிய பாடல் ஒன்றையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மந்தாரக்குப்பத்து மக்களாகிய நமக்கு இப்பொருள் நெருக்கமானது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோன்றியது. 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் அனல்மின் நிலையம் மின்னாக்கத்தைத் தொடங்கியது. சுரங்கப் பணியை நாடிப் பல மாவட்டத்தவர் இங்கு வந்து குடியேறினர். சுரங்கத்திற்கு நிலம் தந்த சிற்றூர் மக்களோ தம் ஊர்களை விட்டுப் பெயர்ந்தனர். ஊருக்கு ஊர் நலங்குப் பாட்டு வேறு, மெட்டும் வேறு. பல ஊரார் கூடிய மணப்பந்தலில் எல்லாரும் அறிந்த பாட்டாக அமைந்தது கூம்பு ஒலிபெருக்கி வழங்கிய திரைப்பாட்டே. ஆகவே அப்பாட்டு யாது கூறுகிறது, எதனைக் கூறாது விடுகிறது என்று ஆராய்வது நம் இல்லங்களைப் பற்றி நாமே ஆராய்வதாகும்.

பழைய பாடல்

நம் நிலத்தில் கரி வெளிப்பட்ட அதே 1961ஆம் ஆண்டில் ‘பாசமலர்’ வெளிவந்தது. அப்படத்தின் ‘வாராய் என் தோழி வாராயோ’ என்னும் பாடலைக் கண்ணதாசன் இயற்ற, விசுவநாதன் – இராமமூர்த்தி இசையமைத்தனர். எல்.ஆர். ஈசுவரியின் குரல் முன்னிற்க, பெண்கள் குழு பின்தொடர்கிறது. ஈசுவரி திரையிசையில் குழுப்பாடகியாகவே தொழிலைத் தொடங்கியவர். கூட்டத்தினின்று ஒரு குரல் முன்வந்து தோழியை மணவறைக்கு அழைப்பது போல, குழுவினின்று அவர் குரலும் அப்பாடலால் முன்னிலைக்கு வந்தது.

‘பாசமலர்’ பாடல் மணமகளை மணவறைக்கு அழைத்துச் செல்கிறது. அடுத்த ஆண்டில் வந்த ‘சாரதா’ படப்பாடல் அவளைப் புகுந்த வீட்டின் வாயிலில் வரவேற்கிறது. அதுவே ‘மணமகளே மருமகளே வா வா’. கே.எஸ். கோபாலகிருஷ்ணன் முதன்முதலாக இயக்கிய அப்படத்திற்குக் கே.வி. மகாதேவன் இசையமைத்தார். பாடலை எழுதியவர், கண்ணதாசனின் உறவினரும் அவரிடம் உதவியாளராக இருந்தவருமான பஞ்சு அருணாசலம். சூலமங்கலம் இராஜலட்சுமியின் குரலோடு பெண்களின் கூட்டுக் குரலும் இணைந்து ஒலிக்கும் இப்பாடல், தமிழ்நாட்டுத் திருமணங்களின் நிலைத்த பாடலாயிற்று.

வலது காலை முன்வைத்து வருமாறு அது மணமகளைப் பணிக்கிறது. அவள் குணத்தையும் குலத்தையும் போற்றுகிறது. புகும் வீட்டைத் தமிழ்க் கோயிலாக உருவகிக்கிறது. வரவேற்பு, வாழ்த்து, அறிவுரை ஆகிய மூன்றும் அதில் ஒன்றாகக் கலந்துள்ளன.

புதிய பாடல்

1992ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘தேவர் மகன்’ படத்தில் ‘மணமகளே மணமகளே’ என்னும் பாடல் இடம்பெற்றது. பரதன் இயக்க, கமல்ஹாசன் எழுதித் தயாரித்த அப்படத்திற்கு இளையராஜா இசையமைத்தார். பாடல்களை வாலி இயற்றினார். இப்பாடலைப் பாடியோர் சுவர்ணலதா, மின்மினி, சிந்துஜா ஆகிய மூவர். அதே ஆண்டில் ‘ரோஜா’ படத்தின் ‘சின்னச் சின்ன ஆசை’ பாடலால் புகழ்பெற்றவர் மின்மினி. பின்னர் 1994ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைக் ‘கருத்தம்மா’ படப் பாடலுக்காகப் பெற்றவர் சுவர்ணலதா. தனித்து நின்று புகழ்பெற வல்ல குரல்கள் இங்குத் தோழியர் கூட்டமாகத் தம்மைச் சுருக்கிக் கொண்டன.

இப்பாடல் முன்னோடியை வணங்கி எழுந்தது என்பதற்குப் பாடலே சான்று. மணமகளை விளித்துத் தொடங்கும் முறையும், குணத்தையும் குலத்தையும் இணைத்துப் போற்றும் போக்கும், பெண் குரல்களே நிறைந்த அமைப்பும் 1962ஆம் ஆண்டுப் பாடலை நினைவுறுத்துகின்றன. இவற்றோடு வரலாற்றுத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக இளையராஜாவைத் திரையுலகிற்கு அறிமுகப்படுத்தியவர், பழைய பாடலை எழுதிய அதே பஞ்சு அருணாசலமே.

மேலைநாட்டு ஒப்புமை

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவிலும் இளம்பெண்கள் மூவர் நால்வராகக் கூடிப் பாடும் குழுக்கள் பெருவழக்காயின. நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவரும் அவர்தம் உறவுப்பெண் ஒருவரும் அமைத்த ‘டிக்ஸி கப்ஸ்’ குழு பாடிய ‘சேப்பல் ஆஃப் லவ்’ என்னும் மணப்பாடல், 1964 ஜூனில் அந்நாட்டுப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. 1972இல் வெளியான தம் முதல் இசைத்தட்டில் பெட் மிட்லர் அதனை மீண்டும் பாடினார். பழைய மணப்பாடலைப் புதிய தலைமுறை போற்றி எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உளது. அங்குப் பாடுபவள் மணமகளே. தான் மணம் செய்யப் போகும் மகிழ்ச்சியைத் தன்மையிடத்தில் நின்று அவளே அறிவிக்கிறாள். நம் பாடல்களிலோ பாடுவோர் தோழியரும் உறவினரும் ஆவர். மணமகள் முன்னிலையில் நிற்கிறாள், கேட்கிறாள், பேசுவதில்லை. நம் மரபில் மணப்பாட்டு ஊரின் குரல். அதன் நடுவே நிற்பவள் மௌனி.

ஒப்பும் உறழ்வும்

இரு பாடல்களின் முதல் விளியை உற்றுநோக்குவோமாக. பழைய பாடலில் ‘மணமகளே’ என்பதை அடுத்து ‘மருமகளே’ என்னும் சொல் வருகிறது. புதிய பாடலில் அவ்விடத்தில் ‘மணமகளே’ என்பதே மீண்டும் வருகிறது. மணமகள் என்பது ஒருநாட் பெயர். மருமகள் என்பது வாழ்நாட் பெயர். முன்னது அவளைக் கொண்டாடுவது. பின்னது மாமன், மாமி, கொழுந்தன், நாத்தனார் என விரியும் குடும்பத்துள் அவளுக்கோர் இடத்தையும் கடமையையும் வரையறுப்பது. 1962ஆம் ஆண்டுப் பாடல் வாயிலிலேயே அவளுக்கு இரு பெயர்களையும் சூட்டிவிடுகிறது. 1992ஆம் ஆண்டுப் பாடலின் முதலடி அவளை மணமகளாகவே இருமுறை நோக்கி நிற்கிறது. ஒரு சொல்லின் மாற்றமே ஆயினும் பார்வையின் மாற்றம் அதில் தொனிக்கிறது.

கதைச்சூழலையும் காண்டல் வேண்டும். ‘பாசமலர்’ மணமகள் மகிழ்ந்து மணம் புரிகிறாள். அம்மணத்தின் பின்விளைவுகளே அண்ணன் தங்கையைப் பிரித்து இருவர் இறப்பிலும் கதையை முடிக்கின்றன. ‘சாரதா’வில், இல்வாழ்வுக்கு உடல் இடந்தராத நிலையை அடைந்த கணவன் தன் மனைவிக்கு மறுமணம் செய்விக்க முனைகிறான்; அவள் உள்ளம் யாது விழைகிறது என்பதே கதையின் துன்பியல் முடிச்சாகிறது. ‘தேவர் மகன்’ கதையிலோ, பகைக்கு அஞ்சி மணமகன் ஓடிவிட, திருமணம் நின்றுபோன பஞ்சவர்ணத்தின் மானத்தைக் காக்கச் சக்திவேல் தாலி கட்டுகிறான். அவன் நெஞ்சம் வேறொருத்திக்கு உரியது. ஊர் வாழ்த்திப் பாடும் மணத்தில் மணமகனுக்கு மகிழ்ச்சியில்லை. மணமகளின் உள்ளத்தையோ எவரும் வினவவில்லை.

மூன்று கதைகளிலும் வாழ்த்து உண்மையானது, வாழ்த்துவோரும் நல்லோரே. ஆயினும் வாழ்த்தொலியின் பெருக்கில் ஒருத்தியின் உள்ளம் கேளாமற் போகிறது.

அகநானூறு காட்டும் நெறி

இச்சிக்கல் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தை வருணிக்கிறார். உழுந்து சேர்த்துச் சமைத்த உணவு, மணல் பரப்பிய பந்தல், விளக்கொளி, நல்ல நாள் எனக் காட்சி விரிகிறது. அதன் நடுவே மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். கற்பினின்று வழுவாது, நலம் பல செய்து, கணவனைப் பேணுபவளாக விளங்குக என்பதே அவர் வாழ்த்து. பெண்குழுவின் மணவாழ்த்து அன்றும் மணமகளுக்குக் கடமையைச் சுட்டும் வாழ்த்தாகவே இருந்தது என்பது இதனால் தெளிவாகிறது. 1962ஆம் ஆண்டுப் பாடல் இந்நீண்ட மரபின் நேர்வாரிசு எனலாம்.

ஆனால் நல்லாவூர் கிழார் அவ்வளவில் நிறுத்தவில்லை. வாழ்த்தினோர் அகன்றபின், தலைவன் நாணி ஒடுங்கிய மணமகளிடம், அவள் நெஞ்சில் நினைத்ததை ஒளியாது உரைக்குமாறு கேட்கிறான். அவள் வாய்திறந்து மறுமொழி கூறவில்லை. உள்ளம் நிறைந்த உவகையோடு தலைகவிழ்கிறாள். ஊரின் வாழ்த்து முடிந்த இடத்தில் ஒருவனின் வினா தொடங்குகிறது. அவ்வினாவே அம்மணத்தை நிறைவு செய்கிறது.

பாட்டுக்குப் பின் வந்த பாட்டு

‘தேவர் மகன்’ பழைய பாடலுக்குச் செலுத்திய வணக்கத்தின் முழுப்பொருளும் இவ்விடத்திலேதான் விளங்குகிறது. கூட்டுப்பாடல் முடிந்து, மணம் நிறைவெய்தியபின், சக்திவேல் பஞ்சவர்ணத்துடன் தனித்திருந்து பேச முற்படுகிறான். அச்சமும் நாணமும் மேலிட நிற்கும் அவள் தனக்குப் பாடத் தெரியும் என்கிறாள். பாட முயன்றபோது குரல் எழவில்லை. வெறும் காற்றே வருகிறது என்று பேதைமையோடு கூறுகிறாள். பின்னர் மெல்ல எழுகிறது ‘இஞ்சி இடுப்பழகா’.

மூன்று பெண் குரல்கள் கூடி வாழ்த்தியபோது மௌனமாய் இருந்தவளின் சொந்தக் குரல் அது. எஸ். ஜானகிக்கு அவ்வாண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை அப்பாடல் பெற்றுத் தந்தது. பஞ்சவர்ணமாக நடித்த ரேவதி சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். கூட்டுப்பாடலையும் இத்தனிப்பாடலையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் கேட்டால், ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் நல்லாவூர் கிழார் கண்ட ஒழுங்கு மீண்டும் அமைந்திருப்பது புலனாகும். முதலில் ஊரின் வாழ்த்து. அடுத்துக் கணவனின் வினா. இறுதியில் அவளது மறுமொழி. பழம்பாட்டின் மணமகள் தலைகவிழ்ந்து விடையிறுத்தாள். பஞ்சவர்ணம் பாடி விடையிறுத்தாள்.

நிறைவுரை

பழைய பாடலை இகழ்ந்து புதியதைப் புகழ்வது நம் கருத்தன்று. வீட்டு வாயிலைத் திறந்து வைத்து, வருக என்று ஒரு பெண்ணை மனமார அழைக்கும் இனிமை 1962ஆம் ஆண்டுப் பாடலுக்கு என்றும் உரியது. அந்த அழைப்பு இன்றேல் புதிய பாடலும் இல்லை. முன்னோர் பாட்டை வழிமொழிவோர், அப்பாட்டு கேளாது விட்ட வினாவைக் கேட்டு முடிக்கும்போது, அவ்வணக்கம் பொருளுடையதாகிறது என்பதே நாம் கொள்ளத்தக்க முடிவாகும்.

இது கலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. நிக்காஹ் நிகழ்வில் மணமகளின் சம்மதம் கேட்கப்பட்ட பின்னரே ஒப்பந்தம் உறுதியாகிறது. பாட்டில் இல்லாத அவள் குரலுக்குச் சடங்கில் இடமுண்டு. எனினும் அவ்வினா வாயளவில் முடிந்துவிடுகிறதா, அவள் விடைக்கு நாம் உண்மையாகவே காத்திருக்கிறோமா என்பதை எல்லாச் சமயத்துப் பெரியோரும் தத்தம் இல்லத்தில் எண்ணிப் பார்த்தல் நன்று. படிப்பைத் தொடர விழைகிறாளா, பணிக்குச் செல்ல விழைகிறாளா, இம்மணத்தை உளமார விழைகிறாளா என்பனவெல்லாம் அவள் மட்டுமே விடையளிக்க வேண்டிய வினாக்கள்.

மணப்பந்தலில் நாம் பாடும் வாழ்த்து, மணமகளுக்கு நாம் தரும் வாக்குறுதியுமாகும். வலது காலை எடுத்து வைத்து வருக என அழைப்போர், உள்ளே வந்தவளின் நெஞ்சில் உள்ளதைக் கேட்கவும் கடமைப்பட்டவராவர். தமிழ் பயிலும் மாணவ மாணவியர் நாளை மணமக்களாக அமரும்போது, ஒலிபெருக்கியில் எப்பாடல் ஒலிப்பினும் ஒலிக்கட்டும். அது ஓய்ந்தபின் நல்லாவூர் கிழாரின் தலைவன் கேட்ட வினாவைக் கேட்க மறவாதிருப்பாராக.