வக்கீல் சிதம்பரம் பிள்ளையின் வாரிசுகள்

பாளையங்கோட்டையில் விளையாட்டு மைதானத்துக்கு வ.உ.சி. பெயர். தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் அவர் பெயர்தான். அவர் ஓட்டிய கப்பலும் சிறையில் இழுத்த செக்கும் நெல்லைச் சீமையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1895-ல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய அவர், கையில் காசில்லாமல் வந்த கட்சிக்காரர்களுக்குப் பணம் வாங்காமலே வாதாடினார். போலீஸ் வழக்கில் சிக்கிய ஏழைகளுக்காகக் கூண்டுக்கு முன்னால் நின்றார். பிறகு தூத்துக்குடி. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது, அவரிடம் வக்கீல் சன்னது இல்லை. பறித்துவிட்டார்கள். பின்னாளில் அது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையரை எதிர்த்துச் செக்கிழுத்தவர் வெள்ளைக்காரர் ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறார் என்றால், அந்தச் சன்னது அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும்!

இலவச சட்ட உதவியில் உழைக்கும் வழக்கறிஞர்களுக்குச் சால்வை போர்த்திக் கேடயம் கொடுக்கும்போது, நெல்லையில் வ.உ.சி.யின் வரிசையில் வைத்துத்தான் அவர்களைப் பார்க்க வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. அன்று அது ஒரு மனிதரின் மனசு. இன்று அது ஏழையின் உரிமை. 1976-ல் அரசியலமைப்பில் இலவச சட்ட உதவிக்கான 39-ஏ பிரிவு சேர்ந்தது. 1987-ல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இந்த உதவி பெற வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை.

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் தட்டை வைத்து, இலையை வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி நூல் கட்டும் பீடித் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். பி.எஃப். பணத்துக்காக அலைகிறவர், ஜீவனாம்சத்துக்காக நிற்கிறவர் என அவர்களில் எத்தனையோ பேர். வக்கீல் ஃபீஸுக்கு வளையலை அடகு வைக்க வேண்டியதில்லை என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்ட உதவி தெரியாமலும் எட்டாமலும் போவதன் விலை பெரிது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் மனுநாள். கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்தும் வழி பிறக்காத ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் அங்கேயே தீ வைத்துக்கொண்டார். நால்வரும் இறந்தார்கள். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற அது வரவில்லை. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவருக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரும் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

யாரைப் பாராட்டுவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. எத்தனை முகாமில் பேசினார் என்பது கணக்கே அல்ல. இலவச வழக்குதானே என்று ஏனோதானோவென வாய்தா வாங்கிக்கொண்டிருந்தால் கட்சிக்காரரின் ஒருநாள் கூலிதான் போகும். பாளையங்கோட்டை மத்திய சிறைக்குப் போய், ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் கிடப்பவரை நேரில் பார்த்து, வழக்குக் கட்டை முழுதும் படித்துவிட்டு, பணம் கொடுத்த கட்சிக்காரருக்கு வாதாடுவது போலவே வாதாடுகிறாரே, சால்வை அவருக்குரியது. ஆணைக்குழு தரும் சொற்பத் தொகைக்காக யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

உங்கள் தெருவில் யாராவது வழக்கென்று தவித்தால் 15100 என்ற எண்ணைச் சொல்லுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழுக்களும் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே போதும், அங்கேயே எழுதிக்கொள்வார்கள்.