செயலிழந்த கைக்கு மனத்தால் ஒரு பயிற்சி

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர் உங்கள் இல்லத்தில் இருக்கின்றாரா? முதல் சில மாதங்கள் குடும்பமே அவருக்காக ஓடியாடும். பின்னர், "இனி இவ்வளவுதான்" என்னும் எண்ணம் மெல்லக் குடியேறிவிடும். அவரும் அந்தக் கையை மடியில் கிடத்திவிட்டு மறந்துவிடுவார். இம்மறதி பெரும் இழப்பாகும்.

பழுது கையில் இல்லை, மூளையில் உள்ளது. வலக்கையை இயக்குவது மூளையின் இடப்பாகம். அங்கே ஒரு பகுதி அழிந்தால், எஞ்சிய பகுதிகள் அவ்வேலையைப் புதிதாகக் கற்க வேண்டும். கற்பதற்கோ, திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். சரிவர அசையாத கையால் அதை எங்ஙனம் செய்வது?

இங்குதான் மனக்காட்சி துணைக்கு வருகிறது. ஓர் அசைவை ஆழ்ந்து நினைக்கும்போது, அதை மெய்யாகவே செய்கையில் இயங்கும் மூளைப் பகுதிகள் பலவும் இயங்குகின்றன. அமெரிக்காவில் ஸ்டீபன் பேஜ் குழுவினர் 32 நோயாளிகளிடம் ஆறு வாரம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. அவர்கள் பக்கவாதம் கண்டு சராசரியாக மூன்றரை ஆண்டுகள் கடந்தவர்கள். அனைவருக்கும் ஒரே உடற்பயிற்சி. அதன்பின் ஒரு சாரார் அதே அசைவுகளை மனத்தால் செய்தனர். மறு சாரார் உடலைத் தளர்த்தி ஓய்ந்திருந்தனர். மனத்தால் பயின்றோரின் கைகளே தெளிவாக முன்னேறின. ஒன்றை மறவாதீர்: அவர்களின் மணிக்கட்டிலும் விரல்களிலும் சிறிதளவு அசைவு முன்பே எஞ்சியிருந்தது. அறவே அசைவற்ற கைக்கும் இதே பலனை எதிர்பார்த்தல் சரியன்று.

செய்முறை எளிது. உடற்பயிற்சி முடிந்தபின், சந்தடியற்ற அறையில் அவரைச் சாய்ந்து அமரச் செய்யுங்கள். கண்களை மூடி, தம் கை தம்ளரை நோக்கி நீள்வதை அவர் நினைக்கட்டும். வேறொருவர் செய்வதைப் பார்ப்பதுபோலன்று. தாமே செய்வதாக உணர வேண்டும். விரல்கள் விரிகின்றன, உலோகத்தின் குளிர்ச்சி படுகிறது, நீரின் கனம் தெரிகிறது. அருகிலிருக்கும் மகளோ மருமகளோ ஒவ்வொரு படியையும் மெதுவாகச் சொல்லிக் கொடுக்கலாம். வானொலியும் தொலைக்காட்சியும் அந்நேரம் ஓய்வெடுக்கட்டும்!

மெய்யாகக் கையை அசைக்கும்போதும் அதே கவனம் தேவை. நல்ல கையால் முதலில் செய்து, தோள் எப்படி நகர்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்று கவனித்தபின் மறு கையால் முயலலாம். வலியெடுத்தால் நிறுத்திவிடுங்கள். தொங்கும் கையைப் பிடித்து இழுத்து உதவுவது பலர் வீட்டில் காணும் வழக்கம். அது தோள் மூட்டைக் கெடுத்துவிடும்.

எந்த அசைவை முதலில் தேர்வது என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். மாத்திரைகளையும் உடற்பயிற்சியையும் இதன் பொருட்டு விட்டுவிடலாகாது.