யூனிட் விலைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

திண்டுக்கல் சமவெளியில், குறிப்பாக வேடசந்தூர், வடமதுரை வட்டாரங்களில், நூற்பாலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. பஞ்சுக்கு அடுத்தபடியாக அவற்றின் பெருஞ்செலவுகளில் ஒன்று மின்சாரம். எனவே, நவீன அணு உலைகள் வந்தால் ஒரு யூனிட் இன்ன விலைக்குக் கிடைக்கும் என்னும் மதிப்பீடுகள் எங்கள் பகுதிக்கு வெறும் அறிவியல் செய்தி அல்ல. 2025ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, சிறிய அணு உலைகளுக்கான ஆய்வுக்கு 20,000 கோடி ரூபாய் அறிவித்தது. 2033க்குள் குறைந்தது ஐந்து உலைகள் இயங்க வேண்டும் என்பது இலக்கு. இவற்றின் மின்சாரம் மலிவானதுதானா என்பதை எப்படி அறிவது?

அணு மின்சாரத்தில் பெரும் செலவு எரிபொருள் அல்ல. கட்டுமானமும் அதற்கான வட்டியுமே. நம் மாநிலத்திலேயே அதற்குச் சான்று உண்டு. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலைக்கு 2003இல் ஒப்புதல் கிடைத்தபோது மதிப்பீடு 3,492 கோடி ரூபாய். 2010இல் முடிப்பதே திட்டம். பின்னர் மதிப்பீடு 5,677 கோடியானது. அதற்கு மேலும் உயர்ந்தது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

இது யூனிட் விலையை எவ்வாறு பாதிக்கும்? ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த உலை ஆண்டு முழுவதும் 80 சதவீதத் திறனில் இயங்கினால் சுமார் 350 கோடி யூனிட் கிடைக்கும். முதலீட்டுக்கு 10 சதவீத வட்டி என்று கொண்டால், 3,492 கோடிக்கு வட்டி மட்டுமே யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 ரூபாய். 5,677 கோடிக்கு அது 1.62 ரூபாய். திறன் 60 சதவீதமாகக் குறைந்தால் 2.16 ரூபாய். அசல், எரிபொருள், பராமரிப்பு, கழிவு மேலாண்மை ஆகியவை இதில் சேரவில்லை. கட்டுமானம் தாமதமாகும் காலத்தில் ஏறும் வட்டியும் சேரவில்லை. 10 சதவீதக் கூட்டு வட்டியில் கடன் ஏழாண்டுகளுக்குச் சற்று மேல் ஆனாலே இரட்டிப்பாகிவிடும்.

திறன் குறையலாம் என்பது வீண் அச்சம் அன்று. ஜப்பானின் மோஞ்சு ஈனுலை 1995இல் சோடியம் கசிவால் நின்றது. அதன்பின் பெரும்பாலான காலம் முடங்கிக் கிடந்தது. 2016இல் அதை மூடிவிட முடிவு செய்தார்கள்.

சிறிய உலைகளுக்கும் இதே பாடம் உண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநில நகராட்சி மின் அமைப்புகள் நுஸ்கேல் நிறுவனத்தின் உலைகளை நம்பியிருந்தன. யூனிட்டுக்கு 5.8 சென்ட் என்றிருந்த மதிப்பீடு 2023 தொடக்கத்தில் 8.9 சென்ட் ஆனது. அதுவும் அரசு மானியத்தைக் கழித்த பிறகு. அந்த ஆண்டு நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது.

அதற்காகச் சூரிய மின்சாரத்தின் விலையை அப்படியே எதிரில் வைப்பதும் நியாயமாகாது. 2017இல் ராஜஸ்தானின் பாட்லாவில் யூனிட் 2.44 ரூபாய்க்கு ஏலம் போனது உண்மை. ஆனால் இரவு ஷிப்ட்டுக்கு அந்த மின்சாரம் வேண்டுமென்றால் சேமிப்புச் செலவையும் கூட்ட வேண்டும். காற்றாலை மின்சாரமும் பருவத்தைப் பொறுத்தது. எந்நேரமும் கிடைப்பது அணு மின்சாரத்தின் மெய்யான மதிப்பு. அதற்கு எவ்வளவு கூடுதல் விலை கொடுக்கலாம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு விடை காண, எந்த மதிப்பீட்டிலும் நான்கு அனுமானங்கள் வெளிப்படையாக இருக்க வேண்டும்: கட்டி முடிக்க எத்தனை ஆண்டு, வட்டி எத்தனை சதவீதம், உலை எவ்வளவு திறனில் இயங்கும், எரிபொருளுக்கு என்ன விலை. ஈனுலையில் கடைசிக் கேள்வி மிக முக்கியம். பயன்படுத்திய எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் செலவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், மின்சாரம் மலிவாகத்தான் தோன்றும்.

அணு மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் மத்திய அரசிடமே வைத்திருந்தது. புதிய உலைகளுக்காவது இந்த நான்கு எண்களும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பொதுவெளிக்கு வரட்டும். நாற்பது ஆண்டுகளுக்குக் கட்டணம் செலுத்தப்போகிறவர்கள் அவற்றைக் கேட்பதில் தவறில்லை.