தோல் ஊரின் தூசியில் என்ன இருக்கிறது?

தோல் பதனிடும் ஆலைகள் (டேனரிகள்) நிறைந்த வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் மாசு என்றதும் பாலாறுதான் பேச்சுக்கு வரும். இந்த ஆலைகள் குறித்து 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பும் தண்ணீரைப் பற்றியதே. காற்றில் மிதக்கும் துகள்கள் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

எப்படி உருவாகின்றன?

பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தூவிய உப்பை உதறும்போது உப்புத்தூள் பறக்கிறது. காய்ந்த தோலை பஃபிங் மெஷினில் எமரித் தாளால் தேய்க்கும்போது மாவுபோல் தூள் கிளம்புகிறது. குரோமில் பதனிட்ட தோலானால், அந்தத் தூளில் புரத நாருடன் குரோமியமும் இருக்கும். பாய்லர் புகையும் நெடுஞ்சாலை லாரிகளும் கரித்துகளைச் சேர்க்கின்றன.

வாயுவும் துகளாக மாறும். முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். டேனரிப் பக்கம் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தில் இதற்கும் பங்குண்டு. சுண்ணாம்பை அகற்றச் சேர்க்கும் அம்மோனியம் உப்புகளிலிருந்து அம்மோனியா வரும். ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயு காற்றில் மெல்ல அமிலமாகி, அம்மோனியாவோடு இணைந்தால் அம்மோனியம் சல்பேட் நுண்துகள் பிறக்கும்.

அண்டார்டிகாவிலும் இதேதான்

ஆலையே இல்லாத அண்டார்டிகக் கரையிலும் இந்த வேதிவினை நடக்கிறது. அங்கே கந்தகத்தைக் கடலின் நுண்பாசிகள் தருகின்றன. அம்மோனியாவைப் பென்குயின் எச்சம் தருகிறது. உப்பு, கடல் அலையிலிருந்து எழுகிறது. ஆக, உப்பையும் சல்பேட்டையும் மட்டும் வைத்துத் துகளின் பிறப்பிடத்தைச் சொல்லிவிட முடியாது. தோல் தொழிலின் பங்கைத் துப்பறிய குரோமியம் போன்ற தடயம் வேண்டும்.

எந்தக் குரோமியம்?

பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம், நச்சு குறைவு. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். குரோம் தோல் துண்டுகளை எரித்தால் முதலாவது இரண்டாவதாக மாறக்கூடும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் குவிந்துகிடக்கும் 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவிலும் இந்த நச்சு வகை உண்டு.

அளவீடு போதுமா?

2009-ல் அறிவிக்கப்பட்ட தேசிய காற்றுத்தர விதிமுறையில் 12 மாசுகள் இடம்பெற்றுள்ளன. ஈயம், ஆர்சனிக், நிக்கல் உண்டு, குரோமியம் இல்லை. பிஎம் 10 (10 மைக்ரோமீட்டர் வரையிலான) துகள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. அந்த 100-க்குள் உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்பதை எடை சொல்லாது. வடிதாளில் படிந்த தூசியை ஆய்வகத்தில் தனிமம் தனிமமாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பஃபிங் தூளை உறிஞ்சிப் பையில் பிடிப்பதையும், தோல் துண்டுகளைத் திறந்தவெளியில் எரிக்காமலிருப்பதையும் அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை.