முகக்கவசமும் புற ஊதாக் கதிரும்

கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டில் என்-95 முகக்கவசத்திற்கு உலகெங்கும் பெரும் தட்டுப்பாடு. ஒருமுறை அணிந்து எறிய வேண்டியதையே மருத்துவரும் செவிலியரும் பலமுறை அணிய நேர்ந்தது. புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கி மீண்டும் அணியும் முறை அப்போதுதான் பலருக்கும் தெரிய வந்தது. அதையொட்டி வீட்டு உபயோகத்துக்கென ஊதா விளக்குப் பெட்டிகளும் கடைக்கு வந்தன. "உள்ளே வைச்சா போதும், கிருமி செத்துடும்" என்று நம்பினவர் பலர். இது எந்த அளவுக்குச் சரி என்று பார்ப்போம்.

புற ஊதாக் கதிரில் ஏ, பி, சி என மூன்று வகை. கிருமியைக் கொல்வதில் சி வகையே வலியது. சூரியனிலிருந்து வரும் இக்கதிரை வானிலேயே ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், மொட்டை மாடி வெயிலில் அது கிடைக்காது. பாதரச ஆவி விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளத்தில் இதைத் தருகிறது. கிருமியின் மரபுப்பொருளை இக்கதிர் சிதைப்பதால் அது பெருக முடியாமல் போகிறது.

இதற்கு அளவு முக்கியம். என்-95 கவசத்திற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜூலாவது பட வேண்டும் என 2020-இல் அறிவியலார் பரிந்துரைத்தனர். விளக்கு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட் தந்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 17 நிமிடம் ஆகும். விளக்கைத் தள்ளி வைத்தால் இன்னும் நேரம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறம் அளவுகோல் ஆகாது. சி கதிர் கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது நிழல். கதிர் படாத மடிப்பில் கிருமி அப்படியே இருக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மருத்துவமனையில் ஓர் அறையில் இரண்டு விளக்குக் கோபுரங்களை நிறுத்தி, நடுவே கயிற்றில் கவசங்களைத் தொங்கவிட்டார்கள். சுவரிலும் கதிரைத் திருப்பியனுப்பும் பூச்சு. அவரவர் கவசம் அவரவருக்கே திரும்பப் போகும்படி பெயரும் எழுதி வைத்தார்கள். சின்னப் பெட்டியில் மடித்துத் திணித்தால் இதெல்லாம் நடக்குமா?

எங்கள் சமண வீடுகளில் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது வழக்கம். என்-95 கவசமும் அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. அதன் இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றியிருக்கிறார்கள்; நுண்துகளை அது இழுத்துப் பிடிக்கிறது. சாராயத்தில் நனைத்தால் அந்த மின்னேற்றம் போய்விடும். சோப்பு நீரும் அதைக் கெடுக்கும். புற ஊதாக் கதிர் அளவோடு பட்டால் அவ்வளவாகக் கெடுக்காது. அளவு மீறினால் இழையும் நாடாவும் நலிந்துவிடும். கிருமி செத்தாலும், முகத்தோடு ஒட்டிப் பிடிக்காத கவசத்தால் என்ன பயன்? ஓரத்து இடைவெளி வழியே காற்று உள்ளே வந்துவிடுமே!

தட்டுப்பாடு நீங்கியதும், 2021 ஜூனில், இவ்வகை மறுபயன்பாட்டு முறைகளுக்குத் தந்திருந்த அவசரகால அனுமதிகளை அமெரிக்க அரசு விலக்கிக்கொண்டது. அது ஆபத்துக்குச் செய்த ஏற்பாடு. அன்றாட வழக்கம் அல்ல.

ஆகையால் அன்பர்களே, துணிக் கவசமானால் சோப்புப் போட்டுத் துவைத்து நன்கு காய வையுங்கள். என்-95 நைந்தாலோ, நனைந்தாலோ, அழுக்கானாலோ புதிது வாங்குங்கள். சி கதிர் விளக்கு வீட்டில் இருந்தால், எரியும்போது பார்க்கவோ கையை நீட்டவோ கூடாது. கண்ணும் தோலும் புண்ணாகும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.