பத்திரிகை அடிக்கும் முன் பாதையைப் பேசுங்கள்

ஐப்பசி பிறந்ததுமே நம் ஊர்களில் தை மாதக் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. மார்கழியில் நல்ல காரியம் வைப்பதில்லை. அதனால் தையிலும் மாசியிலும் முகூர்த்தங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. மண்டபம், சமையல்காரர், பந்தல்காரர், வேன் என்று எல்லாவற்றுக்கும் மூன்று நான்கு மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். இது எல்லா வீட்டுக்கும் உள்ள அலைச்சல்தான். காலனியில் கல்யாணம் வைக்கும் வீட்டுக்கு இதற்கு மேல் இரண்டு கேள்விகள் உண்டு. மண்டபம் நமக்குக் கொடுப்பார்களா? மாப்பிள்ளை அழைப்பு எந்தத் தெரு வழியாக வரும்? நகை, புடவை, பந்தி எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசும் வீடுகளில்கூட இந்த இரண்டையும் “அப்போ பாத்துக்கலாம்” என்று தள்ளிவைப்பதைப் பார்க்கிறோம். அந்த “அப்போ” என்பது பெரும்பாலும் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமாக இருக்கிறது.

முதலில் மண்டபம். தேதி, ஆள் கணக்கு எல்லாம் கேட்கும் முன்பே சில மண்டபங்களில் ஒரு கேள்வி வரும்: “எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” பதிலைக் கேட்டபின் இல்லை என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. அன்றைக்கு வேறு கல்யாணம் இருக்கிறது என்பார்கள், மராமத்து வேலை நடக்கிறது என்பார்கள், முதலாளி ஊரில் இல்லை என்பார்கள். மறுநாள் ஊர்த்தெருக்காரர் ஒருவர் அதே தேதியைக் கேட்டால் மண்டபம் காலியாக இருக்கும். கொடுக்கும் இடங்களிலும் நிபந்தனை போடுவது உண்டு. பறை அடிக்கக் கூடாது, மண்டபத்துப் பாத்திரத்தைத் தொடக் கூடாது, சுத்தம் செய்யத் தனிக் காசு. மற்றவர்களுக்கு இல்லாத நிபந்தனை நமக்கு மட்டும் என்றால் அதற்குப் பெயர் நிபந்தனை அல்ல.

எல்லோருக்கும் காசுக்குச் செய்யும் ஒரு சேவையைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மட்டும் மறுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் சட்டம் நிற்க ஆதாரம் வேண்டும். எனவே மண்டபம் கேட்கத் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். அட்வான்ஸை முடிந்தவரை வங்கி வழியாகவோ போன் வழியாகவோ அனுப்புங்கள். ரசீதில் தேதி, வாடகை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதெல்லாம் எழுதியிருக்கட்டும். மறுத்தால் அன்றே, யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார் என்று குறித்துவையுங்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுத்துவிடலாம்.

டவுன் மண்டபத்துக்கு ஏன் போகிறோம், காலனியிலேயே சமுதாயக்கூடம் இருக்கிறதே என்று கேட்கலாம். பல காலனிகளில் கட்டடம் இருக்கத்தான் செய்கிறது. அதற்குள் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கழற்றிப் போட்ட தெருவிளக்கும் இருக்கின்றன. குழாயில் தண்ணீர் வராது. கழிப்பறைக்குக் கதவு இருக்காது. பெண் வீட்டார் எத்தனை பேர் முந்தின இரவே வந்து தங்குவார்கள் என்பது, கூடம் கட்டத் திட்டம் போட்டவருக்குத் தெரியாது போலிருக்கிறது. தை கல்யாணம் உள்ளவர்கள் நவம்பர் 1 கிராம சபையை விட்டுவிடக் கூடாது. கூடத்துக்குத் தண்ணீர், மின்சாரம், கழிப்பறை என்று தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபை ஜனவரி 26. அதற்குள் பல முகூர்த்தங்கள் முடிந்துபோயிருக்கும்.

இனி பாதை. மெயின் ரோட்டிலிருந்து காலனிக்குப் போகும் தார்ச்சாலை ஊர்த்தெரு வழியாகப் போகும் ஊர்கள் நம்மிடம் ஏராளம். அந்த ஊர்களில் பலவற்றில் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை வரும் கார் ஊர் முனையில் நிற்கும். சீரியல் பல்பை அணைப்பார்கள். மேளக்காரருக்குக் கையைக் காட்டுவார்கள், சத்தம் நின்றுவிடும். மாப்பிள்ளை இறங்கி நடப்பார், அல்லது கார் விளக்கு இல்லாமல் வேகமாகக் கடந்துபோகும். கோயிலைத் தாண்டியதும் மேளம் திரும்பத் தொடங்கும். வேறு சில ஊர்களில் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். “வழக்கம் அப்படி” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அதே ஊர்த்தெருவில் திருவிழாவுக்கும் சாவுக்கும் நம் ஆட்கள் பறை அடித்துக்கொண்டு போகலாம். தன் வீட்டுப் பிள்ளையின் கல்யாணத்துக்கு அடித்தால்தான் வழக்கம் குறுக்கே வருகிறது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் திருத்தம் வந்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இது நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்போ புதுத்துணியோ அணிவதையோ, கல்யாண ஊர்வலம் போவதையோ, ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ ஏறுவதையோ தடுத்தால் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. புதுத்துணி, செருப்பு என்று நாடாளுமன்றம் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், இந்தத் தடை ஒரு ஊரின் கதை அல்ல என்பது புரியும்.

உத்தரப் பிரதேசத்தில் காஸ்கஞ்ச் மாவட்டம் நிஜாம்பூரில் 2018-ல் நடந்த கல்யாணம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஊரின் பொதுப் பாதையில் ஊர்வலம் போக வேண்டும் என்று தலித் மாப்பிள்ளை கேட்டார். ஆதிக்க சாதியினர் மறுத்தனர். காவல் துறை, மாவட்ட நிர்வாகம் என்று மாதக்கணக்கில் மனு கொடுத்து, அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை போனார். கடைசியில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசிப் பாதையை முடிவு செய்தார்கள். ஜூலை மாதத்தில் பெரும் போலீஸ் பாதுகாப்போடு அவர் வண்டியில் ஏறி ஊருக்குள் போனார். ஒரு கல்யாணத்துக்கு இத்தனை போலீஸா என்று சிரித்தவர்களும் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது வேறு. முகூர்த்தத்துக்குப் பல மாதம் முன்பே அவர் கையில் மனு இருந்தது.

நமக்கும் அதுதான் வழி. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன்பே ஒரு கடிதம் எழுதுங்கள். கல்யாணத் தேதி, ஊர்வலம் கிளம்பும் இடம், நேரம், எந்தெந்தத் தெரு, எத்தனை வண்டி, மேளம் எப்போது முடியும் என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். காவல் நிலையத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஒரு நகலை டி.எஸ்.பி.க்கும், ஒரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். வாசகத்தில் கவனம் வேண்டும். ஒலிபெருக்கிக்கு அனுமதி கேளுங்கள். பொதுப் பாதைக்குக் கேட்க வேண்டியது அனுமதி அல்ல, பாதுகாப்பு. மனுவை வாங்க மறுத்தால் வன்கொடுமை புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566-ல் சொல்லலாம். இந்தச் சட்டத்தின் கீழ் தன் கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு என்பதை மனு கொடுப்பவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மனு கொடுத்தால் அமைதிக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். தாசில்தார் அலுவலகத்தில் உட்காரவைத்துப் பேசுவார்கள். “நல்ல காரியம், எதுக்குப் பிரச்சினை? இந்த ஒரு தடவை விட்டுக் கொடுத்துடுங்க” என்பதுதான் அங்கே அதிகம் கேட்கும் வார்த்தை. மறுநாள் காலையில் மகள் மணையில் உட்கார வேண்டும் என்ற நிலையில் இருக்கும் அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கையெழுத்து பிறகு அடுத்த கல்யாணத்துக்கும் சாட்சியாகிவிடுகிறது என்பதுதான் வருத்தம். இதே கூட்டம் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நடந்தால் அவசரத்தில் விட்டுக் கொடுக்கத் தேவையில்லை. யோசிக்க நேரம் கேட்கலாம், வக்கீலைக் கூட்டிப் போகலாம். பேச்சில் முடிவானது எதுவோ, தெருவின் பெயரோடு எழுதச் சொல்லி நகல் வாங்கலாம்.

எல்லா ஊரும் எதிரியாக நிற்பதில்லை. கூடப் படித்தவர்கள், ஊராட்சித் தலைவர், நிலத்தில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் என்று பேசக்கூடியவர்கள் ஊர்த்தெருவிலும் இருப்பார்கள். மனுவுக்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், பத்திரிகையும் வையுங்கள். வந்து மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் ஒரு பாட்டில் கலர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்காகத் தனிச் சமையல்காரர் வைத்துத் தனிப் பந்தி போடும் வீடுகளும் இருக்கின்றன. அது வேண்டாம் என்பது நம் கருத்து. பந்தி ஒன்றுதான், உட்காருகிறவர்கள் உட்காரட்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பேச்சு நடக்கும் இதே மாதங்களில்தான் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் முன்பணத்தோடு வருகிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கையில் வைக்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு அது சாமி கொடுத்தது போலத் தெரியும். தையில் தாலி கட்டியவர்கள் மாசியில் லாரி ஏறிச் சூளைக்குப் போவதும், கணக்கு முடிக்கும்போது கடன் குறையாமல் நிற்பதும், அடுத்த வருடம் அதே கடனுக்குத் திரும்பப் போவதும் இப்படித்தான் நடக்கிறது. தம்பி காலேஜை விட்டு அதே லாரியில் ஏறுகிறான். முன்பணத்தைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் பிடித்துவைப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொத்தடிமை முறை. கடன் கல்யாணத்துக்கு வாங்கியது என்பதால் அது மாறிவிடாது. அப்படிச் சிக்கியவர்கள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், கொத்தடிமைக் கடன் சட்டப்படி ரத்தாகும். அதைவிட, வாங்காமல் இருப்பது நல்லது. மகளிர் குழுக் கடன், சொந்தக்காரர் கைமாற்று, வரப்போகும் மொய் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப்பாருங்கள். அதற்குள் எவ்வளவு அடங்குகிறதோ அவ்வளவுதான் கல்யாணம். ஊரெல்லாம் இருபது பிளெக்ஸ் வைக்கிற காசில் தம்பிக்கு ஒரு செமஸ்டர் பீஸ் கட்டிவிடலாம் என்று சொன்னால் இளைஞர்கள் நம்மைக் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

செலவைக் குறைக்க நமக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லும் என்றானது. சொந்தக்காரர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், தாலி கட்டினாலும் சரி. புரோகிதர் வருவாரா மாட்டாரா என்ற பேச்சுக்கே இடமில்லை. அம்பேத்கர் படத்துக்கு முன்னால் காலனிக் கூடத்திலேயே இப்படிக் கல்யாணம் நடத்தும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு.

கடைசியாகக் காகிதங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்ததற்குப் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றோ இப்போதே எடுத்துவையுங்கள். மார்கழியில் தேடினால் கிடைக்காது. இருவரும் வேறு வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் காலம் உண்டு, நாள் குறிக்கும்போதே அதைக் கணக்கில் வையுங்கள். மற்ற எல்லாத் திருமணங்களையும் 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை போகலாம். பதிவுக்கு அழைப்பிதழும் கேட்பார்கள். நாலு பத்திரிகையை எடுத்து, மண்டப ரசீதோடும் சி.எஸ்.ஆர். நகலோடும் ஒரே பையில் போட்டு, சீர் சாமான் கலவரத்தில் தொலையாதபடி பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவையுங்கள்.